பத்துப் பத்தாக அறுபது: சேலத்துக் குறுங்கதைகள்

இந்தத் தொகுப்பில் 60 கதைகள். ஆகச் சிறியது 31 சொல், ஆகப் பெரியது 340 சொல். சேலத்துத் தெருக்களில் தொடங்கி, கோரிமேடு தாண்டி மலையேறி, சேர்வராயன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடுகின்றன. ஏற்காட்டை வேடிக்கை பார்க்க வருபவர் கண்ணில் படுகிற ஏரியும் படகும் இவற்றில் கிட்டத்தட்ட இல்லை. கொலுசுப் பட்டறை, குழித்தறி, குச்சிக்கிழங்கு லோடு, தட்டுவடைக் கடை, கொண்டை ஊசி வளைவு, காப்பிப் பூ ஆகிய ஆறுதான் கதைகளைத் தாங்குகின்றன.

முதலில் அளவைப் பற்றி. குறுங்கதை என்றதும் எத்தனை சொல் என்ற கேள்வி வந்துவிடுகிறது. 1987இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரத்து வார இதழ் ஒன்று 55 சொல்லில் கதை எழுதும் போட்டியை ஆரம்பித்தது. அந்த 55 உலகெல்லாம் சுற்றித் தமிழுக்கும் வந்தது. ஆனால் தமிழில் சொல்லை எண்ணுவது ஏமாற்றுக்கு இடம் கொடுக்கும் வேலை. ‘போய் விட்டான்’ என்றால் இரண்டு, ‘போய்விட்டான்’ என்றால் ஒன்று. ‘வந்துகொண்டிருந்தவனிடம்’ என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரே சொல், பிரித்தால் மூன்று. 55 சொல் போட்டிக்கு வரும் கதைகளில் இடைவெளியே இல்லாமல் ரயில் பெட்டி மாதிரி கோத்த சொற்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லைக்குள் நிற்பதற்காகக் கதையின் மூச்சை அடைத்துவிடுவார்கள். அதனால் இந்தத் தொகுப்பில் சொல் எண்ணிக்கை விதியாக இல்லை. டெம்மி அளவுத் தாளில் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. பக்கத்துக்கு 28 வரி, வரிக்கு ஏழு சொல் என்று வைத்தால் 196. தலைப்புக்கு எட்டு வரி விட்டால் முதல் பக்கத்துக்கு 140. இரண்டையும் கூட்டினால் 336. அந்த 340 சொல் கதை இரண்டு பத்தியை ஒன்றாக்கித்தான் உள்ளே நுழைந்தது.

அளவை வைத்துத் தொகுப்பது நமக்குப் புதிதும் அல்ல. நான்கு முதல் எட்டு அடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு என்று அடிக்கணக்கு பார்த்தே அகப்பாட்டுகளைப் பிரித்து வைத்தார்கள். அவற்றிலும் சின்னது ஐங்குறுநூறு, மூன்றிலிருந்து ஆறு அடி. இந்தத் தொகுப்புக்கு முன்மாதிரி அதுதான். அங்கே 500 பாட்டையும் மொத்தமாகக் கொட்டவில்லை. திணைக்கு நூறு, நூறுக்குள் பத்துப் பத்து. பல பத்துகளுக்கு ஒரு உயிரோ செடியோ பெயர். மருதத்தில் வேழப் பத்து, களவன் பத்து. குறிஞ்சியில் குரக்குப் பத்து, கேழற் பத்து, கிள்ளைப் பத்து. களவன் என்றால் நண்டு. ஒரு நண்டைப் பத்துப் பாட்டுக்குள் விட்டால், நாலாவது பாட்டுக்கு மேல் நண்டு யாரென்று யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது வளையை விட்டு வெளியே எட்டிப் பார்த்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. அந்தச் சௌகரியம் குறுங்கதைக்கு ரொம்பத் தேவை. இடமில்லாத வடிவத்தில் பின்னணி சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒரே பொருளைப் பத்துக் கதை சுமந்தால், பின்னணியை முன்னால் போன கதைகள் பார்த்துக்கொள்ளும்.

அப்படித்தான் ஆறு பத்து வந்தது: கொலுசுப் பத்து, தறிப் பத்து, கிழங்குப் பத்து, செட்டுப் பத்து, வளைவுப் பத்து, பூமழைப் பத்து.

கொலுசுப் பத்தில் ஒரு விவரம் எல்லாக் கதைக்கும் அடியில் ஓடுகிறது. சேலத்தில் முழுக் கொலுசை ஒரே ஆள் செய்து முடிப்பது அரிது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்கி விற்பவர் ஒருவர். சிவதாபுரம், பனங்காடு பக்கத்து வீடுகளில் கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் கோப்பவர் ஒருவர், பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பவர் ஒருவர், சலங்கை சேர்ப்பவர், மெருகு போடுபவர் என்று ஒரு ஜோடி பல வாசல் ஏறி இறங்கும். ஒவ்வொரு வாசலிலும் தராசு. எடை போட்டுக் கொடுப்பார்கள், எடை போட்டு வாங்குவார்கள், குறைந்தது சேதாரத்துக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். பட்டறையைக் கூட்டிய மண்ணைக் கூடக் கொட்டுவதில்லை. அதை விலைக்கு வாங்கி, அரித்து வெள்ளி எடுக்கத் தனியாக ஆட்கள் உண்டு. கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? சந்தேகமும் மானமும் கிராம் கணக்கில் கிடைக்கிறது. இந்தப் பத்தில் வந்த பெரிய பிழை அளவைப் பற்றியது. ஒரு கதையில் மாப்பிள்ளை வீட்டார் ‘பத்துப் பவுன் கொலுசு’ கேட்டார்கள். பவுன் தங்கத்துக்கு, வெள்ளிக் கொலுசு கிராமில்தான் பேசப்படும். அந்த ஒரு சொல்லில் சேலத்து வாசகர் கதையை நம்புவதை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு எத்தனை நல்ல வரி வந்தாலும் பயனில்லை.

கிழங்குப் பத்து நிற்பது ‘பாயிண்ட்’ என்ற ஒற்றைச் சொல்லில். மரவள்ளியை இங்கே குச்சிக்கிழங்கு என்போம். ஜவ்வரிசி மில்லுக்கு லோடு போனால் எடை மட்டும் பேசாது. மாதிரி எடுத்து மாவுச்சத்தை அளப்பார்கள், அது எத்தனை பாயிண்ட் காட்டுகிறதோ அதற்கேற்ற விலை. பத்து மாதம் மண்ணுக்குள் இருந்த பயிரின் தலையெழுத்து அந்த ஐந்து நிமிஷத்தில் தீர்கிறது. பிடுங்கிய கிழங்கை ஒன்றிரண்டு நாளுக்குள் அரைத்தாக வேண்டும் என்பதால், விலை படியவில்லை என்று திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. இங்கே கதாசிரியர் தனியாக நெருக்கடி கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கிழங்கே கடிகாரம்.

செட்டுப் பத்து விளையாட்டான பகுதி. தட்டுவடையை வைத்து, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் போட்டு, சிவப்புச் சட்னி பச்சைச் சட்னி தடவி, மேலே இன்னொரு தட்டுவடையை மூடினால் செட். கையில் வாங்கிய உடனே தின்ன வேண்டும், இல்லையென்றால் சட்னி ஊறி நமுத்துவிடும். அந்தப் பத்துக் கதைகளுக்கும் வைத்த நிபந்தனை இதுதான்: தட்டு கைக்கு வந்ததும் கதை தொடங்கும், நமுப்பதற்குள் முடிய வேண்டும். முன்கதை வேண்டுமானால் பேச்சில் வரலாம், ஆனால் நினைவலை கிடையாது.

வளைவுப் பத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சேலம்–ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கதைகள் பத்தில் மட்டும் நிற்கின்றன. அடுத்தடுத்த வளைவுகளில் கதை வைத்துப் பார்த்தபோது படிக்கிறவருக்கே மசக்கை வந்தது போல இருந்தது.

பூமழைப் பத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம். ஏற்காட்டில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்தது என்பது எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கிறது. கதைக்குத் தேவை காப்பியின் நாட்காட்டி. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால்தான் மொட்டு விழிக்கும். மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசம். மூன்று நான்கு நாளில் பழுப்பாகிக் கொட்டிவிடும். பழம் பறிப்பது கார்த்திகை தொடங்கித் தை மாசி வரை, அதுவும் ஒரே தடவையில் அல்ல, பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்து, சுற்றுச் சுற்றாக. இதைத் தெரியாமல் எழுதினால் சித்திரை வெயிலில் சிவந்த பழம் பறிக்கும் கதாநாயகி வந்துவிடுவாள். வந்தாள். அவளுக்காகக் கதையையே மார்கழிக்கு மாற்ற வேண்டியதாயிற்று, மாற்றியதும் அவள் காலில் செருப்பும் தோளில் கம்பளியும் வந்தன, பேச்சு குறைந்தது. பருவத்தைத் திருத்தினால் ஆள் மாறிவிடுகிறார்.

இப்போது ஒரு கதையைப் பிரித்துப் பார்க்கலாம். தறிப் பத்தில் ஏழாவது. முழுதாக இவ்வளவுதான்:

குழி

தறியை ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பியது.

அன்று ராத்திரி குழந்தை தூங்கவில்லை. தொட்டிலை ஆட்டினார்கள், தாலாட்டுப் பாடினார்கள், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார்கள்.

“வயித்து வலியா இருக்கும்,” என்றாள் ஆயா.

தாத்தா எழுந்து போய்க் குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். இல்லாத மிதியை மிதித்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி, “டக்... டக்...” என்றார். குழந்தை விசும்பலை நிறுத்திக் காது கொடுத்தது.

விடியும்வரை அவர் நிறுத்தவில்லை.

காலையில் கொத்தனார் வந்து, “குழிய மூட எத்தன வண்டி மண்ணு சொல்லட்டும்?” என்றார்.

“மெதுவாப் பேசுங்க,” என்றாள் ஆயா. “ரெண்டு பேரும் இப்பத்தான் கண்ணசந்தாங்க.”

தலைப்பை விட்டுவிட்டால் 63 சொல். முதல் வரைவு 150ஐத் தாண்டியது. அது தொடங்கிய விதம்: ‘அம்மாப்பேட்டையில் மூன்று தலைமுறைகளாக நெசவுத் தொழில் செய்துவந்த குடும்பம் அது.’ செய்தித்தாளின் முதல் வரி இது. அதில் உள்ள தகவல் அத்தனையும் ‘தறியை ஏற்றிய வண்டி’ என்பதில் அடங்கிவிடுகிறது. ஏற்றியாகிவிட்டது என்பதால் சண்டை, பேரம், அழுகை எல்லாம் நடந்து முடிந்ததும் தெரிகிறது. அடுத்து, தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் பெயர் இருந்தது. நாலு பேர் நடமாடும் 63 சொல்லில் பெயர் என்பது வாசகர் தலையில் ஏற்றும் சுமை. உறவுமுறையே போதும், அதுவே வயதையும் வீட்டையும் சொல்லிவிடும்.

மூன்றாவது, ஒரு தொழில் பிழை. வரைவில் தறி பழைய இரும்புக் கடைக்குப் போனது. இரும்புக்கு எடை போட்டுப் போவது விசைத்தறி. குழித்தறி பெரும்பாலும் மரம். இந்தப் பிழையைத் திருத்தும்போதுதான் கதைக்கு எந்தத் தறி வேண்டும் என்பதே தெளிவானது. விசைத்தறியின் சத்தம் இடைவிடாத இரைச்சல், அதை வாயால் போட்டுக் காட்ட எந்தத் தாத்தாவாலும் முடியாது. கைத்தறியில் நாடா ஓடும், பலகை அடிக்கும், மிதி மாறும். நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. அந்த இடைவெளிதான் தாலாட்டு. குழியும் அப்படியே: குழித்தறியைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் வீட்டில் பள்ளம் மிச்சமிருக்கும். கதைக்குப் பெயர் அங்கேயிருந்து வந்தது.

ஆயாவின் ‘வயித்து வலியா இருக்கும்’ ஏன் மிஞ்சியது என்று கேட்கலாம். 63 சொல்லில் ஐந்து சொல்லை ஒரு தப்பான ஊகத்துக்குக் கொடுப்பது ஊதாரித்தனமாகத் தெரியும். ஆனால் அது இல்லாவிட்டால் தாத்தா எழுந்து போவது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிடும். வீட்டில் யாரும் சத்தத்தை நினைக்கவில்லை, சத்தம் நின்றதையும் நினைக்கவில்லை. அந்தத் தப்பு வாசகருக்கு ஒரு அடி முன்னால் போக வழிவிடுகிறது. கடைசியில் ‘மெதுவா’ என்று சொல்வதும் அதே ஆயாதான். நடுவில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று வேறு யாரும் சொல்லவில்லை.

வரைவின் கடைசி வரி இது: ‘நின்றுபோனது தறி மட்டுமல்ல, ஒரு தலைமுறையின் நாடித்துடிப்பு.’ இப்படி ஒரு வரி எழுதாத ஆள் கிடையாது. அது எழுதியவருக்குக் கிடைத்த நிம்மதி, வாசகருக்கு அதில் எதுவும் இல்லை. குறுங்கதையைத் திருத்தும்போது முதலில் கடைசி வரியை விரலால் மூடிக்கொண்டு படித்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி கதைகள் அங்கேயே முடிந்திருக்கும்.

கைக்கு வந்தவை 140க்குப் பக்கம். 80 கதை வெளியே போனதற்குக் காரணங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒன்றே. சில பொன்மொழிகள்: ஆளும் இல்லை, நேரமும் நகரவில்லை. கதையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், சும்மா ஒரு டம்ளர் நகர்ந்திருந்தாலும் சரி. சில, நாவலின் சுருக்கம்: ‘முப்பது வருஷம் ஓடிவிட்டது’ என்ற வரி வந்தால் அது அந்த ரகம். நிறையக் கதைகள் விழுந்தது திருப்பத்தால். ‘ஒரு பக்கக் கதை’ படித்து வளர்ந்த கை நம்முடையது. கடைசி வரியில் ஆளை மாற்றிக் காட்டாமல் பேனாவை மூட மனம் வராது. பத்திரிகையில் வாரத்துக்கு ஒன்று படிக்கும்போது அது ஜோராக இருக்கும். 60ஐ அடுத்தடுத்துப் படிக்கையில் நாலாவது கதையிலேயே வாசகர் முடிவைக் குதித்துப் பார்க்கத் தொடங்குவார். ஆகவே ஒரு பத்துக்கு ஒரே ஒரு திருப்பம்தான் அனுமதி, அதுவும் பத்தாவது கதையாக இருக்கக் கூடாது.

வரிசைக்கு ஒரு பெரிய தாளில் கட்டம் போடுவது நல்லது. கதைப் பெயர், முதல் சொல், யார் பார்வை, யாராவது சாகிறார்களா, முடிவு பேச்சிலா செயலிலா. பென்சிலில் நிரப்பினால் போதும். தனித்தனியாகப் படித்தபோது கண்ணில் படாதது கட்டத்தில் பல்லிளிக்கும். இங்கே மூன்றில் ஒரு பங்கு கதைகள் ‘அன்று’ என்று தொடங்கின. இரண்டு தாத்தா கதைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டாவது தாத்தா முதலாமவரின் சாயலோடு வந்து நிற்பார். ‘குழி’க்கு அடுத்து, யாரும் தூங்காத, யாரும் வயதாகாத, விசைத்தறிப் பட்டறையில் நடக்கும் கொச்சையான ஒரு சிரிப்புக் கதையைப் போட்டிருப்பது அதனால்தான். ‘குழி’யின் மௌனத்தை அது கெடுக்கிறது என்று ஒரு கட்சி உண்டு. கெடுக்கட்டும். பத்துக் கதையும் உருக்கமாக இருந்தால் அந்தப் பத்து ஜவ்வரிசிக் கஞ்சி ஆகிவிடும்.

பக்க அமைப்பில் குறுங்கதைக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கண்ணில் படும். இடப்பக்கம் ஒரு கதை தொடங்கும்போதே வலப்பக்கக் கதையின் கடைசி வரி, அதுவும் சுற்றிலும் வெற்றிடத்தோடு, பளிச்சென்று தெரியும். அதற்காக, வலப்பக்கத்தில் வரும் ஒரு பக்கக் கதைகளில் பேச்சில் முடிபவற்றைத் தவிர்த்திருக்கிறோம். மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரிதான் கண்ணை முதலில் இழுக்கும். இரண்டு பக்கக் கதை வலப்பக்கத்தில் தொடங்கினால் நடுவில் தாளைத் திருப்ப வேண்டும். திருப்புகிற இடத்தில் கதையும் மூச்சுப் பிடித்து நிற்கிறது என்றால் லாபம், இல்லையென்றால் இடப்பக்கத்துக்கு நகர்த்த வேண்டியதுதான்.

கணக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பக்கக் கதை 38, இரண்டு பக்கக் கதை 22, ஆக 82 பக்கம். ஆறு பத்துக்கும் பெயர்த்தாள், பின்பக்கம் வெற்று, 12. தலைப்பு, பதிப்பு விவரம், உள்ளடக்கம், முன்னுரை எல்லாம் 12. கூட்டினால் 106. அச்சகத்தில் ஒரு பாரம் 16 பக்கம். ஏழு பாரம் என்றால் 112. மிச்சமான ஆறில் நாலு பக்கம் சொல்லடைவுக்கு, இரண்டு சும்மா. 112 பக்கப் புத்தகம் 70 ஜிஎஸ்எம் தாளில் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் தடிமன்தான் வரும், முதுகில் பெயர் போடச் சின்ன எழுத்துதான் பிடிக்கும். அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் மலையில் வேறு சிக்கல். ஏற்காட்டு மூடுபனிக்கு அட்டையின் உட்பக்கம் ஈரம் குடித்து விரியும், பிளாஸ்டிக் ஒட்டிய வெளிப்பக்கம் விரியாது. அட்டை வெளிப்புறமாகச் சுருண்டுகொண்டு நிற்கும். படித்து முடித்ததும் மேலே கனமாக ஏதாவது வைத்துவிடுங்கள்.

எழுத்துருவையும் சொல்லியாக வேண்டும். யூனிகோடில் தட்டியதை அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து ஓடும். ‘கொலுசு’ என்பது ‘ெகாலுசு’ என்று வரும். கொலுசுப் பத்தில் இந்தச் சொல் இல்லாத கதையே இல்லை. கண்ணால் பார்த்தால் தப்பிவிடும். ‘ெகா’ என்று தேடச் சொல்லிப் பிடிக்க வேண்டும். பிறகு ‘ெதா’, ‘ெபா’, ‘ேகா’ என்று வரிசையாக.

சொல்லடைவில்தான் சண்டை அதிகம். எதற்கு விளக்கம் வேண்டும், எதற்கு வேண்டாம்? கதைக்குள் விளக்குவது கிடையாது என்பதில் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். ‘நாடா எனப்படும் நூல் ஓட்டும் கருவி’ என்று கதைக்குள் எழுதினால் அந்தத் தறி அங்கேயே நின்றுவிடும். பின்னால் நாலு பக்கம் இருக்கிறதே, தூத்துக்குடிக்காரர் அங்கே பார்த்துக்கொள்ளட்டும். பாவு, ஊடை, தார், சேதாரம், பாயிண்ட் எல்லாம் சுலபமாக முடிந்தன. ‘ஆயா’வுக்கு ‘பாட்டி’ என்று போட வேண்டியிருந்தது, சென்னையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஏறிவிட்டது. ‘நொறுக்கல்’ வந்ததும் வண்டி நின்றது. தட்டுவடையை நொறுக்கி, காய் போட்டு, சட்னி ஊற்றிக் கலப்பது என்று ஒருவர் எழுதினார். அதற்கும் செட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொருவர். கலக்குவதா பிசைவதா என்று அரை மணி நேரம். எழுதிய நாலு வரியையும் அடித்துவிட்டு, அச்சுக்குப் போன பிரதியில் இப்படி இருக்கிறது: ‘நொறுக்கல் – சேலம் வந்தால் சாப்பிடுக.’